கரமோஜோ பெல்

வால்டர் டால்ரிம்பிள் மெயிட்லண்ட் பெல் (1880 - 1954) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த யானை வேட்டைக்காரரும், தந்த வணிகரும், எழுத்தாளரும் ஆவார். உகாண்டாவின் வடகிழக்கில் அமைந்துள்ள கரமோஜா பகுதியில் பல ஆண்டுகள் வேட்டையாடியதால் இவர் கரமோஜோ பெல் என்ற பெயராலேயே பரவலாக அறியப்படுகிறார். முதல் உலகப் போரின்போது போர் விமானியாகவும் பணியாற்றினார்.

பெல் தமது வாழ்நாளில் 1,011 யானைகளைச் சுட்டுக் கொன்றதாகக் கணக்கு வைத்திருந்தார். இவற்றுள் 800க்கும் மேற்பட்டவை .275 ரிக்பி எனப்படும் 7 மில்லிமீட்டர் தோட்டாவால் கொல்லப்பட்டவை. இது மான் வேட்டைக்கு உரியதாகக் கருதப்படும் சிறிய தோட்டாவாகும். அக்காலத்து வேட்டைக்காரர்கள் யானைக்கு இதைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு ஆற்றல் கொண்ட தோட்டாக்களைப் பயன்படுத்தி வந்தனர். இதனால், பெரு விலங்கு வேட்டையில் தோட்டாவின் ஆற்றல் முதன்மையானதா, குண்டு சென்று படும் இடம் முதன்மையானதா என்ற விவாதத்தில் பெல்லின் பெயர் இன்றளவும் எடுத்துக்காட்டப்படுகிறது.

இளமைக்காலம்

பெல் 1880ஆம் ஆண்டு எடின்பரோவிற்கு அருகில் உள்ள கிளிஃப்டன் ஹால் என்னும் குடும்பப் பண்ணையில் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவருக்கு இரண்டு வயதாக இருந்தபோது தாயும், ஆறு வயதாக இருந்தபோது தந்தையும் இறந்தனர். மூத்த சகோதரர்களின் பொறுப்பில் வளர்ந்த பெல்லுக்குப் பள்ளிப் படிப்பில் நாட்டம் இருக்கவில்லை. சேர்க்கப்பட்ட பள்ளிகள் பலவற்றிலிருந்து ஓடிப்போனார். பதின்மூன்றாம் வயதில் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார்.

யானை வேட்டைக்காரராக வேண்டும் என்ற விருப்பம் சிறு வயதிலேயே இவரிடம் இருந்தது. பதினாறு, பதினேழு வயதில் கிழக்கு ஆப்பிரிக்கா சென்றடைந்தார். அப்போது மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை உகாண்டா இரயில் பாதை அமைக்கப்பட்டு வந்தது. அப்பணியாளர்களைச் சிங்கங்களிடமிருந்து காக்கும் வேலை பெல்லுக்குக் கிடைத்தது. அங்கு இவர் பயன்படுத்தியது ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டுமே இடக்கூடிய .303 ரைபிள் ஆகும். முதல் குண்டு தவறினால் அடுத்ததை இடுவதற்கு நேரம் இருக்காது என்பதால், பார்த்துச் சுடும் பழக்கம் இவருக்கு இங்கேயே ஏற்பட்டது எனலாம்.

பின்னர் பெல் வட அமெரிக்கா சென்றார். கனடாவின் யூக்கான் பகுதியில் தங்க வேட்டை நடந்து கொண்டிருந்த காலம் அது. தங்கம் தேடியவர்கள் குவிந்திருந்த டாசன் நகருக்கு மூஸ் மான்களையும் பிற மான்களையும் சுட்டு இறைச்சி அளிக்கும் தொழிலை மேற்கொண்டார். கூட்டாளி ஒருவர் வருவாயை ஏமாற்றிக் கொண்டு சென்றுவிட்டதால் பெல் தம் துப்பாக்கியையும் விற்க நேர்ந்தது.

போயர் போர்

ஆப்பிரிக்காவுக்குத் திரும்புவதற்கு வழி தேடிய பெல், கனடாவின் குதிரைப்படை ஒன்றில் சேர்ந்து, தென்னாப்பிரிக்காவில் நடைபெற்ற போயர் போருக்குச் (1899 - 1902) சென்றார். குதிரை சுடப்பட்டதால் எதிரிகளிடம் பிடிபட்டார். எனினும் தப்பி வந்து சேர்ந்தார். அதன் பின்னர் வேவு வீரராகப் பணியாற்றினார்.

இப்போரில் போயர்கள் செருமனியின் மவுசர் நிறுவனம் செய்த 7 மில்லிமீட்டர் ரைபிள்களைப் பயன்படுத்தினர். தட்டையாகவும் தொலைவாகவும் சுடக்கூடிய இந்த ரைபிள்கள் பிரித்தானியப் படைகளுக்குப் பெரும் இழப்பை ஏற்படுத்தின. பெல் பிற்காலத்தில் யானை வேட்டைக்குத் தேர்ந்தெடுத்த தோட்டாவும் இதே 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவே என்பது குறிப்பிடத்தக்கது. இலண்டனின் ரிக்பி நிறுவனம் மவுசர் ரைபிள்களை வேட்டைத் துப்பாக்கிகளாக அமைத்து விற்றபோது, குழலின் உள்விட்டத்தை அங்குலத்தில் குறித்து இத்தோட்டாவுக்கு .275 ரிக்பி என்று பெயரிட்டது.

கரமோஜாவில் யானை வேட்டை

1902ஆம் ஆண்டு போர் முடிந்ததும் பெல் யானை வேட்டையைத் தொழிலாக மேற்கொண்டார். அக்காலத்தில் பில்லியர்ட் பந்து, பியானோ கட்டை, கத்திப் பிடி ஆகியவை செய்வதற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்தத்துக்குப் பெரும் தேவை இருந்தது. பிரித்தானிய ஆட்சி முழுமையாக நிலைபெற்ற இடங்களில் உரிமம் பெற்றவர் சில யானைகளை மட்டுமே சுடலாம் என்ற வரையறை இருந்தது. கரமோஜாவில் ஆட்சி நிர்வாகம் இன்னும் ஏற்படவில்லை. சுவாகிலி வணிகர்களும் எத்தியோப்பிய வணிகர்களும் மட்டுமே அங்கு சென்று தந்தம் வாங்கி வந்தனர்.

மேற்குக் கென்யாவின் முமியாஸ் என்னும் வணிக நிலையத்திலிருந்து சுமை தூக்குவோருடனும் கழுதைகளுடனும் பெல் கரமோஜாவுக்குள் சென்றார். அங்கு வாழ்ந்த கரிமோஜோங் மக்கள் மாடு வளர்ப்பவர்கள். அவர்களுள் பியாலே என்பவர் இவருக்குத் தடம் காட்டும் துணைவராக அமைந்தார். சுடப்பட்ட யானைகளின் இறைச்சி உள்ளூர் மக்களுக்குக் கிடைத்ததால், யானைகள் இருக்கும் இடம் பற்றிய செய்தியை அவர்கள் விரும்பிக் கொண்டு வந்தனர்.

இத்தொழிலில் சுடும் நேரத்தைவிட நடக்கும் நேரமே மிகுதி. ஓர் ஆண்டில் 24 இணைக் காலணிகள் தேய்ந்ததாகவும், ஒரு யானைக்குச் சராசரியாக 73 மைல் (ஏறத்தாழ 117 கிலோமீட்டர்) நடந்ததாகவும் பெல் கணக்கிட்டார். இவ்வளவு தொலைவு நடப்பவருக்குத் துப்பாக்கியின் எடை பெரும் பொருட்டாகும். யானை வேட்டைக்குரிய இரட்டைக்குழல் துப்பாக்கிகள் 5 கிலோகிராம் முதல் 7 கிலோகிராம் வரை எடை கொண்டவை. பெல் பயன்படுத்திய மவுசர் ரைபிள் அவற்றைவிட மிகவும் இலேசானது. அதனைப் பிறரிடம் கொடுக்காமல் தாமே சுமந்து சென்றார்.

வருவாயும் பெரிது. ஒரு நாளில் ஒன்பது யானைகளைத் தொடர்ந்து சென்று சுட்டபோது, அன்றைய தந்தத்தின் மதிப்பு 877 பவுண்டு என்று பெல் கணக்கிட்டார்.

கரமோஜாவுக்குப் பின் எத்தியோப்பிய எல்லைப் பகுதி, சூடான், காங்கோ, லைபீரியா, ஐவரி கோஸ்ட் ஆகிய இடங்களிலும், நைல் ஆற்றங்கரையில் உள்ள லாடோ பகுதியிலும் பெல் வேட்டையாடினார். லாடோ பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்டின் குத்தகையில் இருந்தது. 1909 டிசம்பரில் அவர் இறந்ததை அடுத்து 1910இல் அது சூடானுடன் சேர்க்கப்பட்டது. இந்த இடைக்காலத்தில் யானை வேட்டைக்காரர்கள் பலர் அங்கு திரண்டனர்.

அக்காலத்து வேட்டைத் தோட்டாக்கள்

தோட்டா என்பது பித்தளைக் கூடு, வெடிமருந்து, தீப்பொறி மூட்டும் குமிழ், குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த அமைப்பாகும். விலங்கைச் சென்று தாக்குவது குண்டு மட்டுமே.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் யானை வேட்டைக்கு மிகப் பெரிய துப்பாக்கிகள் தேவைப்பட்டன. இலங்கையில் அக்காலத்தில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், ஏறத்தாழ 9.5 கிலோகிராம் எடையுள்ள துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார். அன்றைய கருமருந்தால் குண்டுக்கு அதிக வேகம் அளிக்க முடியாது. மென்மையான ஈயக் குண்டு எலும்பில் பட்டுச் சிதையும். எனவே குண்டின் எடையைக் கூட்டுவதே ஒரே வழியாக இருந்தது.

1880களிலும் 1890களிலும் இந்நிலை மாறியது. புகையற்ற வெடிமருந்து குண்டின் வேகத்தை உயர்த்தியது. உலோக உறையால் மூடப்பட்ட குண்டு எலும்பைத் துளைத்த பின்னும் உருக்குலையாமல் சென்றது. 1898இல் ரிக்பி நிறுவனம் வெளியிட்ட .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டா, பழைய பெரிய துப்பாக்கிகளின் வேலையைக் குறைந்த எடையில் செய்தது.

மேக்னம் என்பது பெரியது எனப் பொருள்படும் இலத்தீன் சொல் ஆகும். பெரிய அளவு மதுப் புட்டிக்கு வழங்கிய இப்பெயரைப் பிரித்தானியத் துப்பாக்கி செய்வோர், ஒரே விட்டத்தில் கூடுதல் வெடிமருந்து கொள்ளும் தோட்டாக்களுக்குச் சூட்டினர். 1912இல் ஹாலந்து அண்டு ஹாலந்து நிறுவனம் வெளியிட்ட .375 மேக்னம் இவ்வகையில் புகழ் பெற்றது. பெயரில் மேக்னம் என்ற சொல் இல்லாவிடினும் .416 ரிக்பி, நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாக்கள் ஆகியவையும் அதே ஆற்றல் நிலையில் அல்லது அதற்கு மேல் உள்ளவை.

பெல் காலத்துத் தோட்டாக்கள் சிலவற்றின் அளவுகள் கீழே தரப்படுகின்றன. வேகமும் ஆற்றலும் துப்பாக்கி முனையில் உள்ளவை. அனைத்தும் ஏறத்தாழக் கணக்கிடப்பட்டவை.

- .303 பிரிட்டிஷ்: குண்டு 13.9 கிராம், வேகம் நொடிக்கு 630 மீட்டர், ஆற்றல் 2,750 ஜூல்
- .275 ரிக்பி: குண்டு 11.2 கிராம், வேகம் 700 மீட்டர், ஆற்றல் 2,750 ஜூல்
- .318 வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் (1910): குண்டு 16.2 கிராம், வேகம் 730 மீட்டர், ஆற்றல் 4,300 ஜூல்
- .375 மேக்னம் (1912): குண்டு 19.4 கிராம், வேகம் 760 மீட்டர், ஆற்றல் 5,600 ஜூல்
- .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் (1898): குண்டு 31.1 கிராம், வேகம் 655 மீட்டர், ஆற்றல் 6,700 ஜூல்
- .416 ரிக்பி (1911): குண்டு 26.6 கிராம், வேகம் 720 மீட்டர், ஆற்றல் 6,900 ஜூல்
- .600 நைட்ரோ எக்ஸ்பிரஸ்: குண்டு 58.3 கிராம், வேகம் 595 மீட்டர், ஆற்றல் 10,300 ஜூல்

ஆற்றலை மட்டும் நோக்கினால் .275 ரிக்பி இப்பட்டியலின் அடியில் உள்ளது. .416 ரிக்பியின் ஆற்றல் அதைப்போல இரண்டரை மடங்காகும். ஆற்றல் கூடும்போது தோளில் விழும் பின்னுதைப்பும் கூடுகிறது.

பெல்லின் முறை

வளர்ந்த யானையின் தலை மிகப் பெரியது என்றாலும் மூளை அதில் சிறு பகுதியையே கொண்டுள்ளது. ஏறத்தாழ 5 கிலோகிராம் எடையுள்ள மூளை, தலையின் பின்புறத்தில் தாழ்வாக, காதுத் துளைகளுக்கு இடைப்பட்ட பகுதியில் அமைந்துள்ளது. நெற்றியின் மேற்பகுதி தேனடை போன்ற காற்றறைகள் நிறைந்த எலும்பால் ஆனது. நெற்றியைப் பார்த்து மேலாகச் சுடும் குண்டு மூளையைத் தொடாமலேயே அந்த எலும்பினுள் சென்றுவிடும்.

பெல் சுடப்பட்ட யானைகளின் மண்டையோடுகளை இரம்பத்தால் அறுத்துப் பார்த்து, மூளை இருக்கும் இடத்தை எல்லாக் கோணங்களிலிருந்தும் அறிந்து கொண்டார். முன்புறம், பக்கவாட்டு ஆகிய வழக்கமான கோணங்களுடன், விலகிச் செல்லும் யானையைப் பின்புறச் சாய்வுக் கோணத்திலிருந்து கழுத்துத் தசை வழியாக மூளையில் சுடும் முறையையும் கையாண்டார். இம்முறை வேட்டைக்காரர்களிடையே பெல் முறை என்றே வழங்குகிறது.

மூளையில் குண்டு பட்ட யானை நின்ற இடத்திலேயே மடிந்து விழும். அது ஓடுவதோ பிளிறுவதோ இல்லை என்பதால் அருகில் உள்ள யானைகள் உடனே கலைவதில்லை. சிறு தோட்டாவின் ஓசை பெரிய துப்பாக்கியின் முழக்கத்தைவிடக் குறைவாகவே மந்தையை வெருட்டுகிறது என்பது பெல்லின் கருத்து. இவ்வாறு ஒரே மந்தையிலிருந்து பல யானைகளை அடுத்தடுத்துச் சுட இவரால் முடிந்தது.

மூளையை எட்டும் அளவுக்குச் சிறு குண்டு துளைத்துச் செல்வதற்குக் காரணம் அதன் வடிவமாகும். ஒரு குண்டு எவ்வளவு ஆழம் செல்லும் என்பது அதன் மொத்த எடையைப் பொறுத்தது அன்று. குறுக்குவெட்டுப் பரப்புக்கு எவ்வளவு எடை என்பதையும், அதன் வேகத்தையும், உருக்குலையாமையையும் பொறுத்தது. ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்ற அளவில் .275 ரிக்பியின் நீண்ட குண்டுக்கு இது ஏறத்தாழ 0.31 ஆகும். .375 மேக்னத்தின் 19.4 கிராம் குண்டுக்கும் இதே அளவுதான். .450 குண்டுக்கு ஏறத்தாழ 0.33. ஆகவே ஆற்றலில் பெரும் வேறுபாடு இருந்தும் துளைத்துச் செல்லும் திறனில் வேறுபாடு சிறிதே.

இதற்குக் குண்டின் வகை இன்றியமையாதது. பெல் பயன்படுத்தியவை முனை உருண்ட, முழுதும் உலோக உறையிட்ட பழைய இராணுவ வகைக் குண்டுகள். இலேசான கூர்முனைக் குண்டுகளோ, மான் வேட்டைக்கான விரியும் குண்டுகளோ இவ்வாறு நேராகச் செல்வதில்லை. தோட்டா தவறாமல் வெடிப்பதற்கும் பெல் பெரும் மதிப்பு அளித்தார். செருமனியில் செய்யப்பட்ட 7 மில்லிமீட்டர் தோட்டாக்கள் நம்பகமாக இருந்தமையே அவற்றை இவர் விரும்பியதற்கு முக்கிய காரணமாகும். ஆற்றல் மிகுந்த .318 தோட்டாவையும் இவர் பயன்படுத்தினார். ஆனால் தமக்குக் கிடைத்தவற்றில் குறைபாடு கண்டார். எஞ்சிய .318 தோட்டாக்களை விக்டோரியா ஏரியின் மீது பறந்து சென்ற நீர்க்காகங்களைச் சுட்டுத் தீர்த்ததாகவும், பார்த்தவர்கள் இவர் சிதறு குண்டுத் துப்பாக்கியால் சுடுவதாக எண்ணியதாகவும் கூறப்படுகிறது.

மாற்றுக் கருத்துகள்

பெல் வாழ்ந்த காலத்திலேயே பெரிய தோட்டாக்களை ஆதரித்தோர் பலர் இருந்தனர். அவருடைய சமகாலத்தவரான ஜேம்ஸ் சதர்லண்ட் 1,000க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவர் .577 விட்டமுள்ள கனத்த இரட்டைக்குழல் துப்பாக்கியையே பெரிதும் நம்பினார்.

பின்னாளில் ஜான் டெய்லர் என்ற வேட்டைக்காரர், ஆப்பிரிக்க ரைபிள்களையும் தோட்டாக்களையும் ஒப்பிட்டு 1948இல் ஒரு நூல் வெளியிட்டார். இயக்க ஆற்றல் என்ற அளவு வேகத்துக்கு மிகுந்த முதன்மை அளிப்பதால், பெரு விலங்கு வேட்டைக்கு அது பொருந்தாது என்பது அவர் கருத்து. குண்டின் எடை, வேகம், விட்டம் ஆகிய மூன்றையும் பெருக்கி 7,000ஆல் வகுத்து வீழ்த்தும் மதிப்பு என்ற ஓர் எண்ணை அவர் உருவாக்கினார். இதன்படி .275 ரிக்பிக்கு 16, .375 மேக்னத்துக்கு 40, .416 ரிக்பிக்கு 57, .600க்கு 150 என்ற அளவில் மதிப்பு கிடைக்கிறது.

இந்த எண் குண்டு மூளையில் பட்டால் என்ன ஆகும் என்பதைக் கூறுவதன்று. மூளையில் பட்டால் எல்லாத் தோட்டாக்களும் ஒன்றே. குண்டு மூளையைச் சற்றே தவறவிட்டால் யானை எவ்வளவு நேரம் நிலைகுலைந்து இருக்கும் என்பதையே இது மதிப்பிட முயல்கிறது. பெரிய தோட்டாவால் தலையில் அடிபட்ட யானை சிறிது நேரம் மயங்கி விழக்கூடும். அடுத்த குண்டுக்கு வேட்டைக்காரருக்கு நேரம் கிடைக்கும். சிறு குண்டு தவறினால் அந்த வாய்ப்பு இல்லை. அடர்ந்த புதரில் சில மீட்டர் தொலைவிலிருந்து பாய்ந்து வரும் யானையையோ எருமையையோ நிறுத்த வேண்டிய நேரத்தில் இவ்வேறுபாடு உயிரைக் காப்பதாக அமையும்.

பெல்லின் வெற்றிக்குத் துணை செய்த சூழ்நிலைகளையும் கருத வேண்டும். கரமோஜாவின் பெரும்பகுதி வறண்ட திறந்த வெளி. துப்பாக்கிக்கு அதிகம் பழகாத யானைகளை இவர் அருகில் சென்று பொறுமையாகச் சுட முடிந்தது. தொழில்முறை வேட்டைக்காரர் என்பதால், கோணம் சரியாக அமையாத யானையை விட்டுவிட்டு அடுத்ததைத் தேட இவருக்குக் காலம் இருந்தது. சில வார விடுமுறையில் வரும் வேட்டைக்காரருக்கு இவ்வாய்ப்புகள் இல்லை. எனவே பெல்லைக் காட்டிச் சிறு தோட்டாவைப் பரிந்துரைப்பது பொருத்தமற்றது என்று பின்வந்தோர் பலர் எச்சரித்தனர். காயம்பட்டு ஓடிய யானை பல நாட்கள் துன்புற்று இறப்பதுடன், அவ்வழியே செல்லும் ஊர் மக்களையும் தாக்கும்.

இதன் விளைவாக, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான பெரு விலங்குகளை வேட்டையாடுவதற்கு .375 என்ற குறைந்தபட்ச விட்டம் விதிக்கப்பட்டது. அந்நாடுகளில் பெல் பயன்படுத்திய தோட்டாவால் யானையைச் சுடுவது சட்டப்படி குற்றமாகும்.

இந்தியாவிலும் இதே தோட்டா அறியப்பட்டிருந்தது. 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றமைக்காக ஜிம் கார்பெட்டுக்கு .275 ரிக்பி ரைபிள் பரிசாக அளிக்கப்பட்டது. கார்பெட் இதனுடன் .450/400 விட்டமுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கியையும் வைத்திருந்தார். தொலைவில் துல்லியம் வேண்டிய இடத்துக்கு ஒன்று, அருகில் உடனே வீழ்த்த வேண்டிய இடத்துக்கு மற்றொன்று என்ற இப்பகுப்பே இரு தரப்பு வாதங்களுக்கும் இடைப்பட்ட நிலையாகும்.

முதல் உலகப் போர்

1914இல் போர் தொடங்கியதும் பெல் இங்கிலாந்து திரும்பி விமானம் ஓட்டக் கற்றார். அரச பறப்புப் படையில் சேர்ந்து கிழக்கு ஆப்பிரிக்காவில் செருமானியப் படைகளின் நடமாட்டத்தை வானிலிருந்து கண்காணிக்கும் பணியில் ஈடுபட்டார். உடன் வர வேண்டிய பார்வையாளரை விட்டுவிட்டு, எதிரியைச் சுடுவதற்குத் தம் வேட்டை ரைபிளை எடுத்துச் சென்றார் என்ற செய்தி பரவலாகக் கூறப்படுகிறது. பின்னர் கிரேக்க நாட்டின் சலோனிக்கா போர்முனையில் பணியாற்றினார். போர்ப் பணிக்காக இராணுவச் சிலுவை விருது பெற்றார்.

பிற்கால வாழ்க்கை

போருக்குப் பின் பெல் மீண்டும் ஆப்பிரிக்கா சென்றார். நைஜர், பெனுவே ஆறுகளின் வழியாகச் சாட் ஏரிப் படுகையை அடைந்து, பார் ஔக் ஆற்றில் படகில் சென்று வேட்டையாடினார். இறுதிப் பயணங்களுள் ஒன்று மோட்டார் வண்டிகளில் சூடான் வழியாக மேற்கொள்ளப்பட்டது. விரைவில் செல்வதே நோக்கமாக இருந்த அப்பயணம் இவருக்கு நிறைவளிக்கவில்லை.

பின்னர் மனைவி கேட்டியுடன் ஸ்காட்லாந்தின் ராஸ் பகுதியில் கோரிமொய்லி என்னும் தமது பண்ணையில் குடியேறினார். 1934இல் கட்டப்பட்ட டிரெஞ்ச்மர் என்னும் பாய்மரப் படகைக் கொண்டு இருவரும் கடற்பந்தயங்களில் கலந்து கொண்டனர்.

ஸ்காட்லாந்தின் மலைகளில் செம்மான் வேட்டைக்கு இவர் .220 ஸ்விஃப்ட் என்னும் அமெரிக்கத் தோட்டாவைப் பயன்படுத்தினார். 1935இல் வெளிவந்த இத்தோட்டாவின் குண்டு 3.1 கிராம் மட்டுமே. வேகமோ நொடிக்கு 1,250 மீட்டர் அளவினது. யானைக்கு நீண்ட, கனத்த, மெதுவான குண்டையும், மானுக்கு மிக இலேசான, மிக விரைவான குண்டையும் இவர் தேர்ந்தெடுத்தார். விலங்குக்கும் வேலைக்கும் ஏற்பவே தோட்டாவை மதிப்பிட வேண்டும் என்ற இவர் கொள்கையை இது காட்டுகிறது. பெல் 1954இல் இறந்தார்.

நூல்கள்

பெல் எழுதிய நூல்களுக்கு அவரே படங்களும் வரைந்தார். அவை பின்வருமாறு:

- தி வாண்டரிங்ஸ் ஆஃப் அன் எலிபண்ட் ஹண்டர் (1923)
- கரமோஜோ சஃபாரி (1949)
- பெல் ஆஃப் ஆப்பிரிக்கா (1960, இறப்புக்குப் பின் வெளிவந்தது)

வேட்டை நுட்பம் மட்டுமன்றி, காலனி ஆட்சிக்கு உட்படுவதற்குச் சற்று முன்னர் கரமோஜா இருந்த நிலையையும் இந்நூல்கள் பதிவு செய்துள்ளன. எனினும் அவை ஒரு தந்த வணிகரின் பார்வையில் எழுதப்பட்டவை என்பதை மனத்திற் கொண்டு படிக்க வேண்டும்.

மதிப்பீடு

பெல் சுட்ட யானைகளுள் 28 மட்டுமே பெண் யானைகள் எனக் கூறப்படுகிறது. தந்தத்தின் எடைக்காகப் பெரிய ஆண் யானைகளே தேடப்பட்டன. ஒரு மந்தையின் மிகப் பெரிய தந்தங்களைக் கொண்ட விலங்குகளையே தொடர்ந்து நீக்குவது அவ்வினத்தின் வருங்காலத்தைப் பாதிக்கும் என்பது அக்காலத்தில் கருதப்படவில்லை. துன்பமின்றி உடனே கொல்லும் பெல்லின் முறை தனி ஒரு யானைக்கு இரக்கமுடையதாக இருந்தது. ஆனால் மந்தை கலையாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சுடுவதை எளிதாக்கியதும் அதே முறையே.

கென்யாவில் 1977இல் வேட்டை தடை செய்யப்பட்டது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த உடன்படிக்கையின் கீழ் 1989இல் ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடை செய்ய முடிவெடுக்கப்பட்டது. 2016இல் வெளியான வான்வழிக் கணக்கெடுப்பு 18 நாடுகளில் ஏறத்தாழ 352,000 புல்வெளி யானைகளே இருப்பதாக மதிப்பிட்டது. 2021இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஆப்பிரிக்கப் புல்வெளி யானையை அருகிவரும் இனமாகவும், காட்டு யானையை மிக அருகிவிட்ட இனமாகவும் வகைப்படுத்தியது.

தோட்டாக்களின் ஆற்றலைக் குறித்த விவாதத்தில் பெல் சிறு தோட்டாவுக்குச் சான்றாகவே பெரும்பாலும் காட்டப்படுகிறார். ஆனால் அவருடைய வாழ்க்கை காட்டுவது, உடற்கூற்று அறிவும் பயிற்சியும் பொறுமையும் சேர்ந்தால் சிறு தோட்டா போதுமானதாக இருந்தது என்பதையே ஆகும். அவை இல்லாத இடத்தில் மேக்னம் தோட்டாவின் ஆற்றல் ஓரளவு பாதுகாப்பை அளிக்கிறது. குறி தவறியதை அது முழுமையாக ஈடு செய்வதில்லை.